நான்காவது கோடு

சுசீலாவின் மாமியார் இருந்த காலத்தில் மூத்த மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதுண்டு. "இவகிட்ட கோடு போட்டுக் குடுத்தாப் போதும், ரோடே போட்டுருவா." பாராட்டுதான். ஆனால் சொல்லும்போது அந்த அம்மாள் சற்றே தள்ளி உட்கார்ந்துகொள்வார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

போட்ட ரோடு சாதாரணமானதல்ல. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஜாக்கெட் துணி மட்டும் விற்றுக்கொண்டிருந்த கடையை 'பரமசிவம் சில்க்ஸ்' என்று இரண்டு வாசல் கடையாக்கியவள் அவள்தான். பெயர் மட்டும் கணவருடையது. இப்போது தீபாவளிக்கு முன்னால் ஆங் மோ கியோவில், அடுக்குமாடிப் புளோக்கின் அடியில், ஒரு கிளை திறக்க நாள் குறித்தாகிவிட்டது. அந்தக் கிளையின் சாவி யார் கைக்குப் போவது என்பதில்தான் வினை.

தங்கத்துக்குத்தான் என்று பரமசிவம் சொல்லிவிட்டார். தங்கம் அவருடைய தம்பி ரமணனின் மனைவி, சுசீலாவுக்கு ஓரகத்தி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடையில் ரவிக்கை அளவெடுக்கும் பகுதி அவளுடையது. வீடும் ஆங் மோ கியோவிலேயே. வேறு யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் சுசீலாவிடமும் பதில் கிடையாது. அதனால் "சரி" என்றாள். சரியில் எத்தனையோ சரி இருக்கிறது. இது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சரி.

கடைக்குள் நுழைகிற பெண்கள் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சுசீலாவைத் தாண்டி எட்டிப் பார்த்து, "தங்கம் இல்லையா?" என்று கேட்பார்கள். முதலில் அது வியாபாரத்துக்கு நல்லது என்று தோன்றியது. பிறகு நெஞ்சில் ஒரு முள் குத்தியது. போதாதென்று பக்கத்துப் பூக்கடைக்காரர், மூலையிலிருக்கும் பெரிய துணிக்கடை மேனேஜர் தங்கத்தோடு நின்று பேசிக்கொண்டிருந்ததாக ஒருநாள் வாய்விட்டுவிட்டார். என்ன பேச்சு என்று அவருக்குத் தெரியாது. தெரியாதது ஒன்று கிடைத்தால் சுசீலாவுக்கு வேறென்ன வேண்டும்? நெருப்பில்லாமல் புகையுமா என்று அன்றைக்கு முழுவதும் புகைந்தாள்.

மகள் நிவேதிதா தஞ்சோங் பகாரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருக்கிறாள். திறப்பு விழாவுக்கு அவள்தான் அழைப்பு அட்டை தயாரித்தாள். உள்ளங்கையளவு சதுர அட்டை. ஒரு பக்கம் கடையின் பெயரும் தேதியும். மறுபக்கம் வெள்ளைப் பரப்பில் ஓரம் முதல் ஓரம் வரை கறுப்புக் கட்டம் கட்டமாக கியூஆர் கோடு. ஃபோனில் ஸ்கேன் செய்தால் கடையின் பக்கம் திறக்கும், முதல் நாள் தள்ளுபடி கிடைக்கும்.

"பாக்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்மா. ஆனா நாலு விதமா அடிச்சிருக்கேன், உள்ள ஒவ்வொண்ணும் டிஃபரென்ட்," என்றாள் நிவேதிதா. "தேக்காவுல நம்ம கடையில குடுக்கிறது ஒண்ணு, சைனாடவுன் கோயில் பக்கம் ஒண்ணு, ஜாலான் புசார் ஹோட்டல்களுக்கு ஒண்ணு, ஆங் மோ கியோவுக்கு ஒண்ணு. எதை ஸ்கேன் பண்ணாலும் உங்க ஃபோன்ல அந்த எடத்துல நம்பர் ஏறும். அடுத்த தடவ எங்க விளம்பரம் பண்ணலாம்னு தெரிஞ்சிடும்லா."

சுசீலா சாம்பிள் அட்டைகள் நான்கையும் மேசையில் பரப்பி உற்றுப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுவே அவளுக்குப் பிடித்துவிட்டது.

"கார்டு வாங்கினவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"கொடுக்கிறவங்களுக்கு?"

"நம்ம சொன்னாத்தான் தெரியும்."

"அப்ப, கொடுக்கப் போனவங்க உண்மையிலேயே கொடுத்தாங்களா, இல்ல குப்பையில போட்டாங்களான்னு இதுல தெரிஞ்சிடும்?"

நிவேதிதா மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அதுக்காக யாரும் இத யூஸ் பண்ண மாட்டாங்கம்மா. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

சுசீலா சும்மா எதையாவது கேட்டதாகச் சரித்திரம் இல்லை. மகள் ஒவ்வொரு கோடுக்கும் பெயர் தட்டிக்கொண்டே வந்து நான்காவதில் நின்று, "ஆங் மோ கியோன்னு போட்டுடவா?" என்றாள்.

"தங்கம்னு போடு."

"ஏன்?"

"அங்க அவ மட்டுந்தானே குடுக்கப் போறா. சுருக்கமாவும் இருக்கும்."

சுருக்கம்தான், யார் இல்லை என்றது? நிவேதிதா தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டினாள். தங்கத்திடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், பாவம் குழம்பிவிடுவாள் என்றும் சுசீலா சேர்த்துச் சொன்னாள். 'பாவம்' என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அவளுக்கு எதுவும் சொல்லாமல் இருப்பது கருணை போல ஆகிவிடுகிறது.

அச்சகத்திலிருந்து அட்டைகள் வந்தன. தேக்கா பெட்டி கல்லாவில் பிரிந்தது. சைனாடவுன் பெட்டியை நிவேதிதாவின் தோழி கொண்டுபோனாள். ஜாலான் புசார் பெட்டி, சின்ன ஹோட்டல்களின் வரவேற்பு மேசைகளில் உட்கார்ந்தது. ஆங் மோ கியோ பெட்டி மட்டும் கட்டுப் பிரிக்காமல் நேரே தங்கத்தின் வீட்டுக்குப் போயிற்று.

அன்றிலிருந்து சுசீலாவுக்கு ஃபோனே கதி. அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி நொடிக்கொருதரம் எட்டிப் பார்த்தாள். தேக்கா ஏறியது. சைனாடவுன் ஏறியது. ஊருக்குப் புதிதாய் வந்திறங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காத ஜாலான் புசார் பயணிகள்கூட, என்னவென்று பார்ப்போமே என்று ஸ்கேன் செய்தார்கள் போலிருக்கிறது, அதுவும் ஏறியது. தங்கம் மட்டும் சுழியத்தில் நின்றாள். அடுத்த நாளும் சுழியம். ஒரு வாரமாகியும் அந்தச் சுழியம், பொட்டு வைத்த மாதிரி அப்படியே இருந்தது.

குறைவாக இருந்தால் சுசீலா பொறுத்திருப்பாள், கொஞ்சம் மகிழ்ந்தும் இருப்பாள். சுழியம் குறைவில் சேராது. சுழியத்துக்குப் பின்னால் ஆள் இருக்க வேண்டும்.

கடையில், புடவை மடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். "கார்டெல்லாம் குடுத்துட்டியா தங்கம்?"

"குடுத்துக்கிட்டே இருக்கேங்க்கா. எங்க புளோக்கு முடிஞ்சிச்சு, பக்கத்து புளோக்கு பாதி. செல்வராஜ் அண்ணன் வீட்டுலதான் மொதல்ல ஆரம்பிச்சேன். பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தாருல்ல, அவரு. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்."

முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற முகமாக இல்லை. அதுவும் சுசீலாவுக்கு உறுத்தியது. இத்தனை இயல்பாகப் பொய் சொல்ல எங்கே கற்றாள்? அப்போதுதான் தங்கத்தின் விரல்களைக் கவனித்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"என்னடி கையெல்லாம்?"

தங்கம் கையைச் சட்டென்று முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வீட்டு வேலக்கா," என்றாள்.

வீடு வீடாக அட்டை கொடுக்கப் போகிறேன் என்று கடையிலிருந்து சீக்கிரம் கிளம்புகிறவள், வீட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சுசீலா கணக்குப் போட்டுக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சுசீலாவுக்கு மஞ்சளும் பேயாகத் தெரிந்தது.

பேய்க்குக் கை கால் முளைத்தது அதற்கடுத்த நாள். உடை மாற்றும் திரைக்குப் பின்னால் நின்று தங்கம் ஃபோனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் வேணாங்க. ஃபோன்ல ஒண்ணும் பண்ண வேணாம். நேரா எங்கிட்ட வாங்க, நான் பாத்துக்கிறேன்." திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவள் சுசீலாவைக் கண்டதும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சுசீலா அதையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஃபோனில் ஒன்றும் பண்ண வேண்டாம். நேராக என்னிடம் வாங்க. அப்படியானால் அட்டையைக் குப்பையில் போடவில்லை, அதைவிட மோசம். வாடிக்கைக்காரர்களைத் தன் கைக்குள் திருப்புகிறாள். இன்றைக்கு இவள் பின்னால் வருகிற கூட்டம், நாளைக்கு மூலைக்கடை மேனேஜர் கூப்பிட்டால் அங்கேயும் இவள் பின்னாலேயே போகும். சாவியையும் கொடுத்து, கூட்டத்தையும் கொடுத்து, நான் வாசலில் நின்று கைதட்ட வேண்டுமா?

வீட்டுக்குப் போனதும் மகளைப் பிடித்துக்கொண்டாள். "கோடு சரியா இருக்கா?"

"பிரிண்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாலையும் நானே டெஸ்ட் பண்ணேன்மா. சாம்பிள் கார்டுலயும் பண்ணேன். சரியாத்தான் இருந்துச்சு. ஆளுங்க சோம்பேறியா இருப்பாங்க, ஸ்கேன் பண்ணிருக்க மாட்டாங்க."

"ஒருத்தர்கூடவா? ஒரு வீட்டுல ஒரு சின்னப் புள்ளகூடவா வெளையாட்டுக்குப் பண்ணாது?"

உண்மையில் அது நல்ல கேள்வி. சுசீலாவின் மூளையில் ஒரு குறையும் கிடையாது. எல்லாக் கேள்வியும் சரியாகக் கேட்பாள், தவறான ஆளிடம் கேட்பாள்.

"சித்திகிட்டயே கேட்டுடுங்களேன்."

"கேட்டா உஷாராயிடுவா."

அங்கேதான் ஆத்திரம் வருகிறது. "ஏன் தங்கம், யாரும் ஸ்கேன் பண்ணலையே, என்னாச்சு?" என்று ஒரு வாய் கேட்டிருந்தால், கேட்டவளும் சொன்னவளும் சேர்ந்து சிரித்துவிட்டு ஆளுக்கொரு கோப்பி குடித்திருப்பார்கள். சந்தேகப்படுகிறவர்களுக்கு அந்த ஒரு வாய்தான் திறக்காது. ஊரெல்லாம் விசாரிப்பார்கள், சம்பந்தப்பட்டவளைத் தவிர.

பரமசிவத்திடம் ஃபோனை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன இது, முட்டை?"

"உங்க தம்பி பொண்டாட்டி வாங்கின மார்க். சாவிய அவகிட்ட குடுக்கிறத நான் யோசிக்கணும்."

"விழாவ வெச்சுக்கிட்டு என்ன யோசன? அவ நம்ம வீட்டுப் பொண்ணு சுசீலா."

"நம்ம வீட்டுப் பொண்ணா, மூலைக்கடைப் பொண்ணான்னு நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். சாவி அதுவரைக்கும் என் பையில இருக்கும்."

அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கிக்கொண்டார். இந்த வீட்டில் அதற்கு, 'இனி உன் பாடு' என்று பொருள்.

திறப்புக்கு முதல் நாள், சுசீலா காலையில் ஆளனுப்பித் திறந்துவிட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்ட புதுக் கடையில், தங்கம் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு சுசீலா எம்ஆர்டி ரயில் பிடித்து ஆங் மோ கியோவில் இறங்கினாள். புதுக் கடை இருக்கும் தெருப் பக்கமே திரும்பாமல், சுற்றிக்கொண்டு தங்கத்தின் புளோக்குக்குப் போனாள். செல்வராஜ் வீடு எதுவென்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நடைவழியில் மாவிலைத் தோரணம் கட்டிய கதவு அது ஒன்றுதான்.

செல்வராஜ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரையும் நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போகாத குணம் இன்னும் போகவில்லை. பரமசிவம் சில்க்ஸ் என்று சொன்னதும் கதவு விரியத் திறந்துவிட்டது.

"அட, தங்கத்தோட அக்காவா? வாங்கம்மா, உள்ள வாங்க. அவங்க வாயத் தொறந்தா எங்கக்கா, எங்கக்கான்னுதான் பேசுவாங்க."

அவர் மனைவி மைலோ கலக்கப் போனார். சுசீலா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன்," என்று தொடங்கினாள். "நாளைக்குத் திறப்பு விழா. உங்களுக்கெல்லாம் கார்டு வந்துச்சா? யார் வந்து குடுத்தா?"

"வந்துச்சாவா? நல்லாக் கேட்டீங்க!"

செல்வராஜ் எழுந்து சாமி மாடத்துக்குப் போனார். முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த அட்டையை எடுத்துவந்து, இரண்டு கையாலும் நீட்டினார். சுசீலா வாங்கினாள். நிவேதிதா போட்ட அதே சதுரம். கறுப்புக் கட்டங்கள் இருக்கும் பக்கத்தில், நான்கு மூலையிலும் கட்டியாக மஞ்சள் குழைத்துத் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. மஞ்சள் காய்ந்து, கோட்டின் மூலைகளில் இருக்க வேண்டிய பெரிய கட்டங்களை முழுசாக மூடியிருந்தது.

"தட்டுல வெத்தல, பாக்கு, பூ எல்லாம் வெச்சு, எங்க ரெண்டு பேரையும் சேந்து நிக்கச் சொல்லிக் குடுத்தாங்கம்மா," என்றார் மனைவி உள்ளேயிருந்து. "கல்யாணத்துக்கே இப்பல்லாம் வாட்ஸப்புலதான் கூப்பிடுறாங்க. ஒரு கடைக்கு இப்படிக் கூப்பிட்டு நான் பாத்ததே இல்ல."

"இதுல ஏன் மஞ்சள்..." சுசீலா காய்ந்த மஞ்சளை விரலால் தொட்டாள்.

"நானும் கேட்டேன்லா. தங்கம் சொன்னாங்க, பொட்டியப் பிரிச்சதும் பக்குன்னு ஆயிடுச்சாம். வெள்ளக் கார்டு, கறுப்பு மசி, ஒரு பொட்டு மஞ்சள் கெடையாது. கருமாதிப் பத்திரிகை கணக்கா இருக்கு, இத எப்படிண்ணே ஒரு சுமங்கலி கையில குடுக்கிறதுன்னாங்க. ஒக்காந்து ஒண்ணு விடாம மஞ்ச வெச்சிருக்காங்க, பாவம்."

சுசீலா பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். அட்டைக்கு நேரே பிடித்தாள். கேமரா தடுமாறித் தடுமாறி, ஒன்றும் புரியாமல் நின்றது. கிட்டே கொண்டுபோனாள், விலக்கினாள். ஒன்றுமில்லை.

"அது தொறக்காதும்மா," என்றார் செல்வராஜ். "நானும் பேரனும் எவ்வளவோ பாத்தோம். தங்கத்துக்கு ஃபோன் போட்டேன். இந்த புளோக்கே போட்டுச்சு. அவங்க சொன்னாங்க, கடை தொறக்குற அன்னைக்குத்தான் அதுவும் தொறக்குமாம், இப்ப ஃபோன்ல ஒண்ணும் பண்ண வேணாம், நேரா எங்கிட்ட வாங்கன்னாங்க. சரிதானேம்மா?"

சுசீலாவுக்கு முகம் சுட்டது. திரைக்குப் பின்னால் கேட்ட அதே சொற்கள். அன்றைக்கு எத்தனை கேவலமாகக் கேட்டனவோ, இன்றைக்கு அத்தனை வெகுளியாகக் கேட்டன. சொல் மாறவில்லை. கேட்ட காதுதான் அழுகியிருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. யாருக்கும் தெரியாமல் போய்விட்டால், நாளைக்குச் சாவியைச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடலாம். இந்த வெட்கத்தை விழுங்கிக்கொண்டால் போதும்.

"சரி, நான் கெளம்புறேன்," என்று எழுந்தாள்.

"மைலோ குடிக்காமலா? இருங்கம்மா. தங்கம் பக்கத்துல கடையிலதான் இருக்காங்க, வரச் சொல்றேன்." செல்வராஜ் ஃபோனைக் காதில் வைக்காமல் உள்ளங்கையில் ஏந்தி, உரக்கப் பேசும் வழக்கமுள்ளவர். சுசீலா வேண்டாம் வேண்டாமென்று கையை நீட்டுவதற்குள் மணி அடித்து, அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

"தங்கம், உங்கக்கா நம்ம வீட்டுல இருக்காங்க!"

"அக்காவா? பல் டாக்டர்கிட்டல்ல போயிருக்காங்க?"

"இல்லியே, எதுத்தாப்புல ஒக்காந்திருக்காங்க. கார்டு வந்துச்சா, யார் வந்து குடுத்தான்னு வெசாரிச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க மஞ்ச வெச்சதச் சொன்னேன், அப்படியே அசந்துட்டாங்க."

புதுக் கடையில் யாரோ அட்டைப்பெட்டியை இழுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"இருக்கச் சொல்லுங்கண்ணே," என்றாள் தங்கம் கடைசியில். "நான் வர்றேன்."

சுசீலா மைலோவை ஒரே மடக்கில் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, கீழே இறங்கினாள். புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் வரைந்த கல் மேசையருகே தங்கம் வந்து நின்றிருந்தாள். வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. தலைமுடியில் பெட்டித் தூசி.

"ஏன்க்கா? எங்கிட்ட கேக்கக் கூடாதா?"

சுசீலா கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கோடுகளின் கதையைச் சொன்னாள். நான்கையும் அச்சுக்கு முன்னாலேயே வேறு வேறாகப் பதிந்து வைத்ததை, நம்பர் ஏறுவதை, சுழியத்தை. மூலைக்கடைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. சொல்லச் சொல்ல எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. மஞ்சளால் வந்த வினை, மனசில் ஒன்றுமில்லை, வியாபாரமென்றால் பார்க்கத்தானே வேண்டும் என்று முடித்தாள்.

"நிவேதிதா கஷ்டப்பட்டுப் போட்ட டிசைன். அதுல மஞ்ச தடவுறேன்னா நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்கன்னு சொல்லல," என்றாள் தங்கம். "தப்புதான். கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியாது. அந்த நம்பரக் காட்டுங்க, பாக்குறேன்."

"இப்ப எதுக்குடி அது?"

"காட்டுங்கக்கா."

சுசீலா ஃபோனைக் கொடுத்தாள். தங்கம் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு குனிந்து படித்தாள். தேக்கா. சைனாடவுன். ஜாலான் புசார். தங்கம். விரலால் மேலே தள்ளி, மறுபடி கீழே வந்து, இன்னொரு முறை படித்தாள்.

"மூணு எடம். ஒரு ஆளு," என்றாள்.

சுசீலா வாயைத் திறந்தாள். சுருக்கமாக இருக்கும் என்பதற்காக என்று இந்த இடத்தில் சொல்ல அவளாலேயே முடியவில்லை.

"கார்டு அடிக்கறதுக்கு முன்னாடியே என் பேரப் போட்டுட்டீங்க. மஞ்ச அப்புறந்தானேக்கா வந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சுசீலா சமாளித்திருப்பாள். கோபத்துக்குப் பதில் கோபம் அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும். தங்கம் வெறுமனே சொன்னாள். சுசீலா யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். கேட்கத் தெரியாததால், பைக்குள் கையை விட்டு, புதுக் கடையின் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்குக் குடுக்கிறத இன்னைக்கே குடுக்கிறேன். வாங்கிக்க. தப்புதான். என் புத்தி அப்படிப் போயிடுச்சு."

தங்கம் ஃபோனை மேசைமேல் வைத்தாள். சாவியை வாங்கவில்லை.

"ஒவ்வொரு வீட்டுலயும் 'எங்க கடை, வாங்க'ன்னுதான் சொல்லிக் கூப்பிட்டேன். அதனால நாளைக்கு வாசல்ல நான் நிப்பேன். கூப்பிட்டது என் வாயி. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"கோவத்துல பேசாத."

"கோவம் இல்லக்கா. நாளைக்கு அங்க ஒரு பட்டு கொறஞ்சாலும் மொதல்ல என் பேரத்தான் தொறந்து பாப்பீங்க. அத நெனச்சுக்கிட்டு நான் அந்தக் கல்லாவுல ஒக்கார முடியாது. எனக்கு வராது."

அவள் திரும்பி நடந்து புதுக் கடைக்கே போனாள். இன்னும் அடுக்க வேண்டிய பெட்டிகள் இருந்தன. சுசீலா பின்னால் போகவில்லை.

மறுநாள் நல்ல நேரத்துக்கு முன்னாலேயே கூட்டம் கூடிவிட்டது. தேக்காவிலும் சைனாடவுனிலும் ஸ்கேன் செய்தவர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். ஆங் மோ கியோக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், கல்யாணத்துக்கு வருவதுபோல உடுத்திக்கொண்டு, மஞ்சள் காய்ந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. நிவேதிதா முதல் அட்டையை வாங்கி, கட்டைவிரலால் மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தாள். அது இன்னும் நன்றாகப் பரவி, குங்குமமும் சேர்ந்து, கோடு முழுக்கச் சிவந்துவிட்டது.

"விடு," என்றாள் சுசீலா. "ஸ்கேன் எதுவும் வேணாம். மஞ்சள் இருந்தாலே தள்ளுபடி."

தங்கம் சொன்னபடி வாசலில் நின்றாள். அரக்குப் பட்டு, நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் எப்போதும்போல அளவு நாடா, ஒரு கையில் சந்தனக் கிண்ணம், ஒரு கையில் பன்னீர்ச் செம்பு. வந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லி, பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். செல்வராஜ் வந்தபோது, "தொறந்திருச்சாண்ணே?" என்று கேட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார். பரமசிவம் ரிப்பன் வெட்டியதும், அவள் எல்லோருக்கும் முன்னால் சுசீலாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பார்த்தவர்களுக்கு நெஞ்சு நிறைந்திருக்கும். சுசீலாவுக்குக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நெரிசல் குறைந்த ஒரு சமயத்தில் தங்கம் சந்தனக் கிண்ணத்தையும் செம்பையும் கல்லா ஓரத்தில் வைத்தாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்தாள். "வர்றேங்க்கா," என்றாள், தினமும் கடை முடிந்து போகும்போது சொல்வது போலவே. சுசீலா கல்லாவிலிருந்து எழுவதற்குள், அவள் வாசலுக்கு எதிரே சாலையைக் கடக்கும் நடை மேம்பாலத்தின் படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

செல்வராஜின் மனைவி ஒரு கரும்பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். "இதுக்கு பிளவுஸ் தைக்கணும். தங்கம் எங்கம்மா? அளவு அவங்கதான் எடுக்கணும், மத்தவங்க எடுத்தா எனக்குச் சரியா வராது. இனிமே இங்கதானே இருப்பாங்க?"

சுசீலா அளவு நாடாவைப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து குத்தியது.

"இப்ப வந்துருவா," என்றாள். "ஒக்காருங்க."

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, புடவையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.